எந்த ஊரில் செய்த குண்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், எங்களுக்கு வேண்டிய முதல் சேதி அதுதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை. குவார்ட்டர்ஸ் மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு தடவை என்னைத் திட்டுகிறாள், படி கட்டியவனைத் திட்ட வேண்டியதுதானே என்று கேட்டால் அவன் என்ன எதிரிலா நிற்கிறான் என்கிறாள். சித்தப்பாவின் சின்ன மகளுக்குப் பல் விழுந்து பேசினால் காற்றுதான் வருகிறது, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியதுதான். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேனாவை எடுத்திருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, நம் ஊர்க் கம்பெனியிலேயே க்வாலிட்டி செக்‌ஷனுக்குத் தலைமைப் பொறுப்பு கொடுத்து அழைத்திருக்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாய். அம்மா அந்த நிமிஷமே உன் அறை ஜன்னலைத் திறந்து துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏம்பா பேசாம இருக்கீங்க, நான் வர்றது பிடிக்கலையா என்று நீ கேட்டாய். பிடிக்கவில்லையா! நீ விமானம் ஏறிய நாளிலிருந்து நீ திரும்பி வரும் நாளைத்தவிர வேறு எதை நினைத்தேன். ஆனாலும் அந்த வேலைக்கு நீ வர வேண்டாம். ஏன் என்று ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீ படித்தவள், முடிவு உன்னுடையது.

நீ இங்கிருந்து கிளம்பும்போது நம் கம்பெனியில் தண்ணீர் மோட்டார் செய்தார்கள், உனக்குத் தெரியும், சின்ன வயதில் நான் ஓட்டிய ஷிப்டு பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து கம்பெனி கேட் வரை வருவாய். மோட்டார் வியாபாரம் படுத்தது, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், கடைத்தெருவில் பாதிக் கதவு மூடிக் கிடந்தது. அப்போதுதான் எல்லையில் சண்டை மூண்டது. அந்த வருஷமே கம்பெனிக்குப் பீரங்கிக் குண்டுக்கான ஆர்டர் வந்தது. மோட்டார் செய்த ஷெட்டில் குண்டின் இரும்புக் கூடு செய்ய ஆரம்பித்தார்கள். வெளியே போனவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள், உன் சித்தப்பா உட்பட. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம், பள்ளிக்கூடத்துக்குப் புது மைதானம், எல்லாவற்றின் நெற்றியிலும் கம்பெனி பெயர். என் கண் ஆபரேஷன் நடந்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான். அப்போது நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். குண்டு எங்கே போய் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேலை இருந்தது, அடுப்பு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் என்னை பஸ்ஸிலிருந்து எடுத்து கெஸ்ட்ஹவுஸ் காருக்கு மாற்றினார்கள், வருகிற பெரிய மனிதர்களை ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும் வேலை. கார் ஓட்டுகிறவனுக்குக் காது உண்டு என்பது பின்சீட்டில் இருப்பவர்களுக்கு ஞாபகமே இருக்காது, அவன் ஸ்டியரிங் மாதிரி ஒரு சாமான். முதலில் வந்தவர் ராணுவத்தின் சார்பில் சரக்கைப் பார்த்து வாங்குகிற அதிகாரி, பெரிய மீசை, டிரைவர்கள் நாங்கள் மீசைக்காரர் என்போம். கறாரான மனிதர். ஒரு தடவை லாரி லாரியாகச் சரக்கைத் திருப்பி அனுப்பினார், விலையைக் குறை என்று எங்கள் டைரக்டரை காரிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. இறங்கும்போது, வீட்ல பிள்ளைங்க என்ன படிக்குதுங்க என்று கேட்டார், நான் உன்னைப் பற்றி வாய் வலிக்கச் சொன்னேன், மெட்டல் படிக்கிறாள் சார், வெளிநாட்டில் சார் என்று. மெட்டல் படிக்கிறவங்க பொய் சொல்ல மாட்டாங்க, இரும்பு விடாது என்று சிரித்தார். நல்ல மனிதர் என்று அம்மாவிடமும் வந்து சொன்னேன்.

கொஞ்ச காலத்தில் மீசைக்காரர் ரிட்டயர் ஆனார். ஆன சூட்டோடு மறுபடி ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார், யூனிபார்ம் இல்லை, கோட்டு சூட்டு. எங்கள் கம்பெனிக்கே டைரக்டர். அதே கார், அதே சீட்டு, அதே பக்கத்து ஜன்னல். விலை ஜாஸ்தி என்று சொன்ன அதே வாய் இந்த விலைக்குக் கட்டுப்படி ஆகாது என்றது. அவர் இடத்தில் ராணுவத்தின் சார்பில் வாங்க வந்தவர் யார் தெரியுமா, அவருக்குக் கீழே வேலை பார்த்தவர், இன்னும் அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறார். இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாங்குகிறவர் யார் விற்கிறவர் யார் என்று எனக்கே குழம்பும். ஒருநாள் அந்தச் சின்னவர், எனக்கும் ரிட்டயர்மென்ட் வருது, இந்த சீட்ல எனக்கும் கொஞ்சம் இடம் விடுவீங்களா சார் என்று கேட்டார். மீசைக்காரர், சீட்டு நீளமாத்தானப்பா இருக்கு என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயமா என்று யோசித்தேன்.

நம் தொகுதி எம்.பி.யும் ஒருநாள் காரில் வந்தார். குண்டின் கூடு இங்கே செய்கிறோம், மூக்கு இன்னொரு ஊரில், வெடிமருந்து நிரப்புவது வேறு ஊரில், அதை அடைக்கிற மரப்பெட்டி இன்னும் எங்கோ ஓர் ஊரில். ஒரே இடத்துல செஞ்சா செலவு குறையுமே, எதுக்கு இப்படிப் பிரிச்சு வச்சிருக்கீங்க என்று அவர் கேட்டார், புதிதாக வந்தவர் போல. மீசைக்காரர் பொறுமையாகச் சொன்னார், செலவு குறையும் சார், ஆனா ஒரு ஊர்ல செஞ்சா பார்லிமென்ட்ல பட்ஜெட்டுக்கு ஒரு கைதான் தூக்கும், இத்தனை ஊர்ல செஞ்சா இத்தனை கை தூக்கும், எந்த எம்.பி. தன் ஊரு வேலையைத் தானே நிறுத்துவாரு? எம்.பி. உடனே, பெட்டி செய்யுறதை என் மச்சான் ஊருக்குத் தள்ளிவிட முடியுமா என்று கேட்டார்.

இன்னொருவர் டிவியில் வருகிற யுத்த நிபுணர். அவரை கெஸ்ட்ஹவுஸில் ஏற்றி டிவி நிலையத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பாள். என்னங்க, அடுத்த மாசம் எதிரி பெரிசா அடிக்கப் போறானாம், நம்மகிட்ட குண்டு பத்தாதாம், அந்த ஆளு புட்டுப் புட்டு வைக்கிறாரு என்பாள். அந்த ஆள் மத்தியானம் கம்பெனி மேஜையில் சாப்பிட்டு, கம்பெனி காரில், என் காரில், போனவர் என்று நான் சொன்னால் அவளுக்குப் புரியாது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன்.

இதையெல்லாம் கொஞ்சம் புரியவைத்தவர் இப்போது உன்னை அழைக்கிற இடத்தில் முன்பு இருந்தவர், க்வாலிட்டி செக்‌ஷன் தலைவர். எப்போதும் இருமிக்கொண்டே இருப்பதால் எங்களுக்கு இருமல் சார். ஒருநாள் அவரைத் தனியாகக் கூட்டிப்போகும்போது கேட்டேன், இதில் திருடன் யார் சார் என்று. ஏனென்றால் நான் ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன் கண்ணு. எங்கோ ஒருவன் உட்கார்ந்துகொண்டு சண்டையை மூட்டிவிடுகிறான், அவனைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார், அப்படி ஒருத்தன் இருந்தா நல்லா இருக்குமேப்பா, இதுல யாரும் சண்டை வரணும்னு வேண்டிக்கிறதில்ல, சண்டை நிக்கக் கூடாதுன்னு மட்டும்தான் எல்லாருக்கும் ஒரு சின்னக் காரணம் இருக்கு, படிச்சவங்க இதுக்கு ராணுவமும் தொழிலும் சேர்ந்த கூட்டுன்னு பேர் வச்சிருக்காங்க, ஆனா பேர் வச்சதால அது ஒண்ணும் கட்டுப்படல. உங்களுக்கும் காரணம் இருக்கா சார் என்றேன். எனக்கும் இருக்கு, உனக்கும் இருக்கு, வண்டியைப் பாத்து ஓட்டு என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது சமாதானப் பேச்சு என்று செய்தி வந்த வாரம் தெரிந்தது. நம் ஊரை நீ பார்த்திருக்க வேண்டும், எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. முடி வெட்டுகிற கடையில் பேச்சில்லை. ஷிப்டு பஸ்ஸில் பேச்சில்லை. சித்தப்பா வந்து, சமாதானம் வந்தா ரெண்டாவது ஷிப்டு போயிரும்ணே, உங்களுக்கென்ன, ரிட்டயர் ஆகப் போற வயசு, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனை என்ன சொல்ல? ஆலையை மூடாதே, வேலையைக் காப்பாற்று என்று ஊர்வலம் போனார்கள், யூனியன், கடைக்காரர்கள், எல்லோரும். சண்டையை நிறுத்தாதே என்று யாரும் கத்தவில்லை, அட்டையிலும் அப்படி எழுதவில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் வேறென்ன? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்திருக்கிறோம், ஊரே கூத்தாடியாகிவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

அன்றைக்கு ஊரில் ஒரே ஒரு முகம்தான் மலர்ந்திருந்தது, உன் தையல் அத்தை முகம். நம் பிளாக்குக்குப் பின்னால் கம்பெனி ஆட்களுக்கு யூனிபார்ம் தைக்கிறாளே, அவள்தான். அவள் மகன் நெட்டையை மறந்திருக்க மாட்டாய், நீ கணக்குச் சொல்லிக்கொடுத்தும் கணக்கு வராமல் ராணுவத்துக்கே போய்விட்டான். பீரங்கிப் படையில் இருந்தான். ஊர்வலம் போகும்போது அவள் கடை வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு, எதுக்குண்ணே எல்லாரும் இப்படிப் போறாங்க என்று கேட்டாள். வேலை போயிரும்னு பயப்படுறாங்கம்மா என்றேன். சண்டை நின்னா என் புள்ள வீட்டுக்கு வருவான்ல என்றாள். வருவான் என்றேன். அப்ப எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்கணும் என்றாள். கையில் அவனுக்காகத் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டை, அவன் உயரத்துக்குக் கடையில் எதுவும் கிடைக்காது. நான் நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பேச்சு முறிந்தது. ஏன் முறிந்தது என்று எனக்குத் தெரியாது, நம் ஊர் முறித்ததாகச் சொல்ல மாட்டேன். முறிந்த செய்தி வந்த சாயங்காலம் டீக்கடையில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஆர்டர் வெள்ளமாக வந்தது, கொடு கொடு என்று அவசரம். சூடாக்கிய இரும்பைப் பக்குவமாக ஆறவிடுகிற நேரத்தைக் குறைத்தார்களாம், அது என்ன செய்யும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். கூட்டில் மயிரிழை மாதிரி விரிசல் விழுகிறது என்று இருமல் சார் கண்டுபிடித்து ஒரு லாட்டுச் சரக்கு முழுவதையுமே நிறுத்தினார். மறுநாள் மீசைக்காரரும் அவரும் என் காரில். மீசைக்காரர் கத்தவில்லை, ஒரு வார்த்தை கடினமாகப் பேசவில்லை. நீங்க சொல்றது சரிதான், ஆனா எல்லாக் கூட்டிலுமா விரிசல் இருக்கு, எங்கேயோ ஒண்ணு ரெண்டு, அங்க எல்லையில நம்ம பசங்க குண்டு இல்லாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க, அதை யோசிச்சீங்களா என்றார். இருமல் சார், அந்த ஒண்ணு ரெண்டு எந்தப் பையன் கையில போய்ச் சேரும்னு நீங்க யோசிச்சீங்களா சார், நீங்களே ஒரு காலத்துல லாரியைத் திருப்பி அனுப்பினவராச்சே என்றார். மீசைக்காரர், அப்ப நான் அந்தப் பக்கம் இருந்தேன், என் வேலை அது, இப்ப என் வேலை இது என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருமல் சார் சொல்லிவிட்டார். உடம்பு சரியில்லை என்று காரணம் காட்டி அவரை லீவில் அனுப்பினார்கள், இருமல் கைகொடுத்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் கையெழுத்துப் போட்டார். சரக்கு போனது. நான் என் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் யார் கேட்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை கண்ணு, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நெட்டை போய்விட்டான். எல்லைச் சண்டையில் என்றுதான் போனில் உனக்குச் சொன்னோம், எதிரி தாக்கியதில் வீரமரணம் என்று எங்களுக்குச் சொன்னதும் அப்படித்தான். உடலை மூடியே கொண்டுவந்தார்கள், திறக்கக் கூடாது என்றார்கள். கம்பெனி சார்பில் மாலை வைக்க மீசைக்காரரை நான்தான் கூட்டிப்போனேன். தையல் அத்தையின் சின்ன முன்னறை, மூலையில் தள்ளிவைத்த தையல் மிஷின், ஷிப்டு முடிந்து யூனிபார்மோடு வந்து நிற்கிற ஆட்கள், அந்த யூனிபார்ம் எல்லாம் அவள் தைத்தது, சித்தப்பாவும் நின்றான். மீசைக்காரர் மாலையை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து, கடைசி மூச்சு வரைக்கும் உங்க மகன் எதிரியோட போராடினான் என்று ஏதோ சொன்னார்.

அப்போது நெட்டையோடு ஒரே பீரங்கியில் இருந்த பையன் ஒருவன், தலையில் கட்டோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவன், எழுந்தான். அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது, தன் குரலே தனக்குக் கேட்காது, அதனால் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்திவிட்டான். எதிரி அன்னிக்குச் சுடவே இல்ல அத்தை, நம்ம குண்டு நம்ம பீரங்கிக்குள்ளயே வெடிச்சிருச்சு, உங்க புள்ள சுட்டதே நாலாவது குண்டுதான், நான் தண்ணி எடுக்கத் திரும்பினேன் அத்தை, திரும்பினதால இருக்கேன் என்று கத்தினான். யாரோ அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள், அவனுக்கு எதற்கென்று புரியவில்லை, நான் ரகசியமாத்தானே சொன்னேன் என்று அதையும் கத்தினான்.

தையல் அத்தை அழவில்லை. மீசைக்காரரைப் பார்த்து, சார், என் புள்ள கையில இருந்த குண்டு எந்த ஊர்ல செஞ்சது என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மீசைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா, அதெல்லாம் ராணுவ ரகசியம்மா என்றார். அவள் திரும்பி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. உன் சித்தப்பா தரையைப் பார்த்தான், நான் செருப்பைப் பார்த்தேன். விரிசல் சரக்கு இங்கிருந்து போனது ஊருக்கே தெரிந்த ரகசியம், அவளுக்கு மட்டும் அந்த நிமிஷம் வரை தெரியாமல் இருந்தது. எங்கள் தலை குனிந்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது காரில் மீசைக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நடிப்பில்லை, நான் கண்ணாடியில் பார்த்தேன், நிஜக் கண்ணீர். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் போன் வந்தது. அந்த லாட்டு முழுவதையும் திரும்ப எடுத்துவிட்டு வேறு குண்டு கொடுக்க வேண்டுமாம். அப்ப அது புது ஆர்டராத்தான் வரணும், பழைய கணக்குல சேர்க்க முடியாது என்று இவர் சொல்கிறார், குரல் இன்னும் கம்மியே இருக்கிறது. விசாரணைக்கு ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள், அதன் தலைவர் யார் என்று நினைக்கிறாய், சீட்டில் இடம் கேட்டாரே, அதே சின்னவர். குண்டு எதிரி பக்கம் போய் வெடித்தாலும் ஆர்டர், நம் பீரங்கிக்குள்ளேயே வெடித்தாலும் ஆர்டர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள், இங்கே யூனிபார்ம் தைத்துக்கொடுத்தவள் வீடே எரிந்தது.

அந்தப் பயணத்தின் முடிவில்தான், காரை விட்டு இறங்கப் போனவர் நின்று, உங்க பொண்ணு மெட்டல் படிச்சவதானே, எங்க இருக்கா இப்போ என்று கேட்டார். வெளிநாட்டில் சார் என்றேன். நம்ம ஊருப் பொண்ணு, நெட்டைப் பையனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவன்னு கேள்விப்பட்டேன், அவ வந்து கையெழுத்துப் போட்டா ஜனங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும், அந்த அம்மாவுக்கும் ஆறுதலா இருக்கும் என்றார். அடுத்த வாரம் உனக்குக் கடிதம் வந்தது. உன் திறமையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று நீ சந்தோஷப்பட்டாய், அதைக் கலைக்கிற பாவத்தை அப்பன் நானே செய்கிறேன், மன்னித்துக்கொள். உன் படிப்பு அவர்களுக்கு வேண்டாம் கண்ணு. நீ நம் ஊர்க்காரி, அவனுக்கு அக்கா மாதிரி இருந்தவள், அதுதான் வேண்டும். விரிசலை அடைக்க வேறு இரும்பு கிடைக்கவில்லை, உன் பெயர் கிடைத்திருக்கிறது.

மாலை வைத்துவிட்டு வந்த மறுநாளே கார் சாவியைக் கொண்டுபோய் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் மேஜையில் வைத்தேன், பழையபடி பஸ்ஸுக்கே மாற்றிவிடுங்கள் என்றேன். பஸ்ஸில் இடமில்லை, வேண்டுமானால் வீட்டில் இரு என்றார். இருக்கிறேன் என்று வந்துவிட்டேன். தையல் அத்தை கோர்ட்டுக்குப் போகப் போகிறாள். வக்கீல் ஒரு பெண், வயதில் சின்னவள், இவ்வளவு பெரிய இடத்தோடு மோதி ஜெயிப்போமா என்று கேட்டதற்கு ஜெயிப்பது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னாள், அதனாலேயே அவளை நம்பலாம் என்று தோன்றியது. இருமல் சார் சாட்சி சொல்கிறார். காரில் அன்று பேசியதைக் கேட்ட மூன்றாவது ஆள் நான்தான், நானும் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. சித்தப்பா என்னோடு பேசுவதில்லை, எதிரே வந்தால் செல்போனைப் பார்க்கிறான். கடைத்தெருவில் சிலர், ஊர் சோத்துல மண்ணைப் போடுறாரு என்று என் காதுபடவே சொல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத ஆசை, ஆனால் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ராத்திரி பகல் அதுவே கசக்கிறது, தண்ணீர் குடித்தாலும் கசக்கிறது. நாளைக்கு ஆலை மூடினால் அவர்கள் வீட்டு அடுப்பு அணையும் என்பதும் உண்மை. தண்ணீர் மோட்டார் செய்த அதே கைகள்தானே, வேறு எதையாவது செய்யச் சொல்லிக் கொடுக்க ஒரு சர்க்காருக்கும் தோன்றவில்லையா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. யாரிடம் கேட்பது? கேட்கவேண்டிய எல்லோரும் என் காரில் ஏறி இறங்கினவர்கள்தான்.

அம்மாவோடு பெரிய சண்டை. மக பக்கத்துல வர்றதை எந்த அப்பனாவது தடுப்பானா, நீங்கதான் காதைக் கழட்டி வீட்ல வச்சுட்டுப் போயிருக்கலாம்ல என்று அழுதாள். உனக்கு நான் எதுவும் எழுதக் கூடாது, நீயே வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். இந்தக் கடிதத்தை அவள் பார்க்காமல் எழுதவில்லை, எதிரில் உட்கார்ந்துதான் எழுதினேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இங்கே வரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எடுத்துப் படித்திருக்கிறாள். படித்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் தையல் அத்தை வீட்டுக்குப் போனாள். சாவுக்குப் பிறகு அவள் அங்கே போவது இதுதான் முதல் தடவை, அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். போய் வெகுநேரம் கழித்து வந்தாள். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன், ஒண்ணும் பேசல, அவ மிஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தா, நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், உங்க பொண்ணு வர்றாளாமேன்னு மட்டும் கேட்டா என்றாள். நீ என்ன சொன்னே என்றேன். என் முன்னால் உட்கார்ந்து, எழுதுங்க என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: வேற வேலையோட வா, வேலையே இல்லாமக்கூட வா, வாடகை வீட்ல மூணு பேரும் படுத்துக்கலாம். இந்த வேலையோட மட்டும் வராதே. அவ கண்ணு முன்னால உன்னை நிறுத்தி வைக்க என்னால முடியாது.

உன் முடிவு எதுவானாலும் நீ எங்கள் மகள்தான், அதில் மாற்றமில்லை. நல்ல உடம்பும் நேரான மனசும் உனக்கு நிலைக்கட்டும், நீ தொட்ட இரும்பு யார் வீட்டுப் பிள்ளையையும் சுடாமல் இருக்கட்டும். பனிக்காலம் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வீடு மாறியதும் புது விலாசம் அனுப்புகிறோம், அதுவரை எதுவானாலும் போன் செய்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா

(அம்மாவும் பக்கத்தில் இருக்கிறாள். நெட்டையின் பிறந்தநாள் வருகிறதாம், தையல் அத்தையோடு நீ ஒரு வார்த்தை பேசு என்கிறாள். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை ஏதாவது கேட்டால், தெரிந்ததை மறைக்காமல் சொல்.)